சிவப்பு ஏன் சிவக்கவில்லை?

கேள்வி: மேடம், நாங்கள் மதுரைக்காரர்கள். கணவரின் வேலைக்காக ஹைதராபாத் பாலாநகரில் குடியிருக்கிறோம். மே முதல் வாரத்தில் மகளுக்குப் பிறந்தநாள். அப்பார்ட்மென்ட் பிள்ளைகளுக்காக 24 கப்கேக் வீட்டிலேயே செய்யப் போகிறேன். சிவப்பு ரோஜாவும் கிளிப்பச்சை இலையும் வேண்டும் என்கிறாள். மளிகைக் கடையில் வாங்கிய சொட்டுக் கலரை வைத்து முன்கூட்டியே செய்து பார்த்தேன். எவ்வளவு ஊற்றியும் ரோஸ் நிறத்தைத் தாண்டவில்லை. கடைசியில் ஐசிங் திரிந்துபோய்க் கசக்கவும் செய்தது. பீட்ரூட் சரிப்பட்டு வருமா? மேலே பளபளப்புத் தூள் தூவலாமா?
– ஒரு வாசகி, பாலாநகர்

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. சொட்டுக் கலரில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். பட்டர்கிரீமுக்கு அடிப்படை வெண்ணெயின் கொழுப்பு. ஓரிரு ஸ்பூன் தண்ணீரை அது தாங்கும். அதற்கு மேல் ஊற்றினால் முத்து முத்தாகப் பிரிந்துவிடும். பேகம் பஜார் பக்கம் போகும்போது கேக் சாமான் கடையில் ஜெல் கலர் கேட்டு வாங்குங்கள். பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு எடுத்தாலே போதும்.

24 கப்கேக்குக்கு 300 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 600 கிராம் ஐசிங் சுகர், இரண்டு மூன்று ஸ்பூன் பால் சரியாக இருக்கும். சர்க்கரை சேர்க்கும் முன் வெண்ணெயை மட்டும் ஏழெட்டு நிமிடம் பீட்டரில் அடியுங்கள். மஞ்சள் வெளுத்து நுரைத்து வரும். மஞ்சள் தங்கிவிட்டால் ரோஸ் நிறம் ஆரஞ்சுப் பக்கம் சாயும், நீலம் பச்சையாகிவிடும். உங்கள் கிளிப்பச்சைக்கு அந்த மஞ்சள் நல்லதே என்பதால், இலைக்கு வேண்டிய வெண்ணெயை அதிகம் அடிக்க வேண்டாம்.

இனிதான் முக்கியமான விஷயம். கலந்தவுடன் கண்ணுக்குத் தெரிவது கடைசி நிறம் இல்லை. வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீர் இருக்கிறது. சாயம் அந்த நுண்ணிய நீர்த்துளிகளில் கரைந்து பரவச் சில மணி நேரம் பிடிக்கும். இரவு அடர் ரோஸாகத் தெரிந்தது காலையில் சிவப்பை நெருங்கியிருக்கும். அவசரமென்றால், கலர் சேர்த்த ஐசிங்கில் இரண்டு ஸ்பூன் எடுத்து, வெந்நீரின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். திட்டுத் திட்டாக ரோஸாக இருந்தது கிண்ணத்திலேயே ரத்தச் சிவப்பாக மாறுவதைப் பார்ப்பீர்கள். ஆறியதும் மீதி ஐசிங்கில் ஊற்றி அடியுங்கள். கூடுதலாக ஒரு சொட்டுக் கலர்கூடச் சேர்க்காமல் நிறம் ஏறிவிடும்.

இதை நான் வற்புறுத்துவது அழகுக்காக மட்டும் இல்லை. நம் நாட்டில் உணவில் அனுமதிக்கப்பட்ட செயற்கைச் சாயங்கள் எட்டுதான். அவற்றுக்கும் பொதுவான உச்சவரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். உங்கள் 900 கிராம் ஐசிங்குக்குக் கணக்குப் போட்டால் 90 மில்லிகிராம் சாயம், ஒரு சிட்டிகைகூட வராது. உங்கள் ஊர் தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் (நம் குன்னூரில் 1918இல் பிறந்து, 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபோன நிறுவனம் அது) ஆய்வாளர்கள், ஹைதராபாத்தில் சிறு அளவில் தயாராகி விற்கும் 545 உணவு மாதிரிகளைச் சோதித்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் அனுமதிக்கப்பட்ட சாயமே இருந்தது. ஆனால் அப்படிப்பட்டவற்றிலும் 73 சதவீதத்தில் அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. என்ன சாயம் என்று கேட்கும் நாம் எவ்வளவு என்று கேட்பதே இல்லை. ஐந்தாறு வயதுப் பிள்ளை ஒரே மாலையில் இரண்டு கப்கேக், கலர் மிட்டாய், கலர் ஜூஸ் எல்லாம் சாப்பிடும். அந்தச் சின்ன உடம்புக்கு இந்தக் கேள்வி மிகவும் தேவை.

அதனால் என் யோசனை: முழு ரோஜாவையும் சிவப்பாக்காதீர்கள். பைப்பிங் பேக்கின் உட்புறம் நுனியிலிருந்து மேல்வரை ஒரே ஒரு கோடாகச் சிவப்பு ஜெல்லைத் தடவி, உள்ளே கலர் சேர்க்காத ஐசிங்கை நிரப்புங்கள். நட்சத்திர நாசிலை கப்கேக்குக்குச் செங்குத்தாகப் பிடித்து, நடுவிலிருந்து வெளியே சுற்றிக்கொண்டு வந்தால் இதழின் விளிம்பு மட்டும் சிவந்த ரோஜா கிடைக்கும். முழுச் சிவப்பைவிட இதுவே நிஜப் பூவைப் போலிருக்கும் என்பேன்.

மே மாத ஹைதராபாத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வெண்ணெயோ 30ஐக் கடந்ததுமே தளர்ந்துவிடும். கேக் முழுதாக ஆறியபின், விடியற்காலையிலோ ஏ.சி. அறையிலோ ஐசிங் வையுங்கள். பேக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள், உள்ளங்கைச் சூடே அதை இளக்கிவிடும். முடித்ததும் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து, பரிமாற அரை மணிக்கு முன் வெளியே எடுங்கள். உடனே திறக்க வேண்டாம். வியர்ப்பது டப்பாவாக இருக்கட்டும். ஐசிங் வியர்த்தால் சிவப்பு ஒழுகிப் பச்சையில் இறங்கிவிடும்.

பளபளப்புத் தூள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. கேக்கின் மேல் பூசிய மினுக்குத் தூளில் தாமிரம் மிக அதிகமாக இருந்தது. 'நச்சற்றது' என்று மட்டும் போட்டிருந்தால் அது அலங்காரத்துக்கான பொருள், சாப்பிட அல்ல. சேர்மானப் பட்டியலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் இல்லாத டப்பியை வாங்காதீர்கள். கலருக்கும் இதே விதிதான்.

பீட்ரூட் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் சாறு வேண்டாம், மறுபடி தண்ணீர்ப் பிரச்சினை வரும். பீட்ரூட் பொடியைச் சலித்துச் சேருங்கள். சிவப்பு வராது, அழகான ராணி கலர் வரும். அடுப்புச் சூட்டில் மங்கும் நிறம் அது. ஐசிங்கை வேகவைப்பதில்லை என்பதால் நிற்கும். ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் வைக்காதீர்கள். மஞ்சள்தூள் ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். மகள் நீலப் பூவும் கேட்டால், காயவைத்த சங்குப்பூவை ஒரு ஸ்பூன் சூடான பாலில் ஊறவைத்து வடிகட்டி, பாலுக்குப் பதிலாக அதைச் சேருங்கள். அந்தக் கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறு மட்டும் விடாதீர்கள், நீலம் ஊதாவாகிவிடும்.