கவ்வாத்தும் கல்லூரியும்: பிள்ளையின் படிப்புக்கு உண்மையில் என்ன செலவு?



க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும் நாட்களில் நமது லயங்களில் இரண்டு விதமான பேச்சுக் கேட்கும். "புள்ள பாஸாகிருச்சு, மேல படிக்க வைப்போம்" என்பார் ஒருவர். "படிச்சு முடிக்க இன்னும் எத்தன வருஷம்? கொழும்புல கடைக்கு ஆள் கேக்குறாங்க. ஒரு கை கூடுனா கடனையாவது அடைக்கலாம்" என்பார் இன்னொருவர். இரண்டாவது பேச்சைப் பேசுகிறவர் பிள்ளையின் மீது அன்பில்லாதவர் அல்லர். மாத முடிவில் சம்பளத் துண்டைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் பண்ணியவர் அப்படித்தான் பேசுவார். ஆனால் அந்தக் கணக்கு முழுக் கணக்கா, பாதிக் கணக்கா என்பதுதான் கேள்வி.

இந்த இதழில் ஆசிரியர் கல்வி, பொருளியல் என்னும் இரண்டு படிப்புகளைப் பற்றிப் பார்ப்போம். இரண்டையும் தனித்தனியே சொல்லாமல், பொருளியல் பாடத்தில் முதலில் சொல்லித்தரும் ஒரு விடயத்தை எடுத்து, அதைக் கொண்டே ஆசிரியர் கல்வியின் செலவை எண்ணிப் பார்ப்போம்.

ஆசிரியராவதற்கு மூன்று வழிகள்

முதல் வழி, கல்வியியற் கல்லூரி. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நாட்டில் தேசிய கல்வியியற் கல்லூரிகள் அமைக்கப்பட்டன. நமக்குப் பக்கத்திலேயே பத்தனையில் இருப்பது ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. ஜேர்மனி நாட்டு உதவியோடு 1990களின் தொடக்கத்தில் உருவான இக்கல்லூரியின் முதன்மையான நோக்கமே பெருந்தோட்டப் பாடசாலைகளுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர்களைத் தருவதுதான். உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை வைத்துப் பிள்ளைகள் தெரிவு செய்யப்படுகிறார்கள். மொத்தம் 3 ஆண்டுகள். முதல் 2 ஆண்டுகள் கல்லூரியில் தங்கிப் படிப்பு. மூன்றாம் ஆண்டு ஒரு பாடசாலையில் பயிற்சி. முடிவில் தேசிய கற்பித்தல் டிப்ளோமா கிடைக்கும். படிக்கும் காலத்தில் மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு.

இரண்டாவது வழி, பல்கலைக்கழகம். உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பொருளியல் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் பட்டதாரி ஆசிரியர் தேவை. பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் பொருளியல் படிக்கலாம். பொதுப்பட்டம் 3 ஆண்டு, சிறப்புப்பட்டம் 4 ஆண்டு. பிறகு ஆசிரிய நியமனம் பெற்றவர்கள் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவையும் முடிப்பது வழக்கம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மகாபொலப் புலமைப்பரிசில், பஸரி ஆகிய உதவிகள் உள்ளன.

மூன்றாவது வழி, முதலில் நியமனம், பிறகு பயிற்சி. ஏற்கெனவே பாடசாலையில் கற்பிக்கும் பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்காக இருப்பவை ஆசிரியர் கலாசாலைகள். கொட்டகலையில் இருக்கும் அரசினர் ஆசிரியர் கலாசாலை அப்படிப்பட்டது. இதையும் பத்தனைக் கல்லூரியையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. பாடசாலையில் வேலை இல்லாதவர் நேரே கலாசாலைக்குப் போக முடியாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். மனைப்பொருளியல் வேறு, பொருளியல் வேறு. முன்னது சமையல், போசாக்கு, தையல், வீட்டு நிர்வாகம் பற்றியது. பின்னது உற்பத்தி, விலை, கூலி, பணம், வரி பற்றியது. விண்ணப்பத்தில் பாடத்தின் பெயரைச் சரியாகப் பார்த்து எழுத வேண்டும்.

பொருளியல் சொல்லும் முதற்பாடம்

பொருளியல் என்றதும் வங்கி, கொழும்பு, பெரிய முதலாளி என்று நினைக்க வேண்டாம். கையில் இருப்பது கொஞ்சம், தேவையோ நிறைய. எதை எடுப்பது, எதை விடுவது? இதைப் படிப்பதுதான் பொருளியல். உங்கள் வீட்டில் தினமும் நடப்பதும் இதுவேதான்.

ஒன்றை எடுக்கும்போது கைவிட்ட மற்றதன் பெறுமதியை 'அமையச் செலவு' என்று உயர்தரப் பாடப்புத்தகம் சொல்லும். சொல் புதிதாக இருக்கலாம். விடயம் நமக்குப் பழையது. கவ்வாத்து வெட்டிய மலையை நினைத்துப் பாருங்கள். நன்றாக வளர்ந்து நிற்கும் தேயிலையை வெட்டிப் போட்டுவிடுகிறோம். வெட்டுகிற கூலி மட்டுமா செலவு? அந்த மலையில் சில மாதங்களுக்குக் கொழுந்தே கிடையாது. அந்தக் கொழுந்தும் செலவுதான். அதுதான் அமையச் செலவு. அப்படியிருந்தும் எந்தத் துரையும் கவ்வாத்தை நிறுத்துவதில்லை. ஏன்? வெட்டாமல் விட்டால் செடி உயர்ந்து, கொழுந்து குறைந்து, வங்கிக் கொழுந்து மிஞ்சும். வெட்டினால் அடுத்த நாலைந்து வருடத்துக்கு மட்டமாக நின்று தளிர் தரும்.

கல்வியும் அப்படிப்பட்ட முதலீடுதான் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் தியடோர் சுல்ட்ஸ். அமெரிக்காவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து பொருளியல் பேராசிரியரானவர். 1979இல் நோபல் பரிசு பெற்றார். நிலம், இயந்திரம், பணம் மட்டும் மூலதனம் அல்ல, மனிதரின் அறிவும் திறமையும் மூலதனமே என்பது அவருடைய கருத்து. படிக்கும் காலத்தில் மாணவர் இழக்கும் சம்பளத்தையும் கல்விச் செலவில் சேர்த்து எண்ண வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். "பள்ளிக்கூடம் இலவசந்தானே" என்று சொல்லிவிட்டால் ஏழைக் குடும்பத்தின் உண்மையான பாரம் கணக்கில் வராமலே போய்விடும்.

ஒரு கணக்குப் போடுவோம்

கீழே வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

சாதாரண தரம் முடித்த பிள்ளை கொழும்புக் கடைக்குப் போகிறது. சம்பளம் மாதம் 30,000 ரூபா என்று வைப்போம். அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு என்று 18,000 ரூபா அங்கேயே போய்விடும். வீட்டுக்கு வருவது 12,000 ரூபா. ஆகவே படிக்க வைப்பதால் குடும்பம் இழப்பது 30,000 அல்ல, 12,000தான். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

உயர்தரம் 2 ஆண்டு, அதாவது 24 மாதம். இழந்த வருமானம் 2,88,000 ரூபா. டியூசன், கொப்பி, பஸ்சுக்கு மாதம் 2,000 வைத்தால் 48,000. மொத்தம் 3,36,000.

கல்வியியற் கல்லூரி 3 ஆண்டு, 36 மாதம். இழந்த வருமானம் 4,32,000. கொடுப்பனவுக்கு மேலே கைச்செலவு மாதம் 3,000 வைத்தால் 1,08,000. மொத்தம் 5,40,000.

இரண்டையும் கூட்டினால் 8,76,000 ரூபா. சிறிய தொகை அல்ல. இவ்வளவு பெரிய தொகையை ஒரு கொழுந்தெடுக்கும் தாய் தன் பிள்ளைக்காகப் போடுகிறார் என்பதை முதலில் நாம் மதிக்க வேண்டும்.

இப்போது வரவைப் பார்ப்போம். நியமனம் பெற்ற பிறகு, கடை வேலையைவிட மாதம் 20,000 ரூபா அதிகமாக வீட்டுக்கு வருகிறது என்று வைப்போம். 8,76,000ஐ 20,000ஆல் வகுத்தால் ஏறக்குறைய 44 மாதம். அதாவது 3 ஆண்டும் 8 மாதமும் வேலை செய்தால் போட்டது திரும்பிவிடும். பரீட்சை எழுதிவிட்டுத் தெரிவுக்குக் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்தால், 23, 24 வயதில் ஆசிரியராகும் பிள்ளைக்கு 28 வயதுக்குள் கணக்கு நேராகிவிடும். அதற்குப் பின்னால் 60 வயது வரை உழைப்பு, பிறகு ஓய்வூதியம். காத்திருக்கும் மாதங்களில் பிள்ளை தற்காலிகமாக வேலைக்குப் போகவும் செய்யலாம்.

இந்தக் கணக்கில் வட்டியையும் விலைவாசி ஏற்றத்தையும் சேர்க்கவில்லை. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது: படித்த எல்லாரும் தெரிவாவதில்லை. கவ்வாத்துக்குப் பிறகு கடும் வெயில் அடித்தால் செடி வாடுவது போல, இதிலும் அபாயம் உண்டு. ஆனால் உயர்தரச் சித்தி வீணாகாது. தாதியர் பயிற்சிக்கோ, தொழினுட்பக் கல்லூரிக்கோ, வேறு அரச வேலைக்கோ அது வாசலைத் திறக்கும். சாதாரண தரத்தோடு நின்றால் அந்த வாசல்களில் பல மூடியே கிடக்கும்.

அவசரமாகக் கிடைக்கும் வேலை

2014ஆம் ஆண்டில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு 3,000க்கு மேற்பட்ட ஆசிரியர் உதவியாளர்களைச் சேர்க்க விண்ணப்பம் கோரப்பட்டது. நமது இளைஞர்களும் யுவதிகளும் ஆர்வத்தோடு சேர்ந்தார்கள். தொடக்கத்தில் மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பிறகு 10,000 ஆனது. ஆசிரியர் சேவைக்குள் நிரந்தரமாகச் சேர அவர்கள் பயிற்சியை முடிக்க வேண்டியிருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. ஆசிரியர் இல்லாத வகுப்புகளில் அவர்கள் போய் நின்றது பெரிய காரியம். ஆயினும் கணக்குப் பார்க்கிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடனே கிடைப்பது எப்போதும் அதிகமாகக் கிடைப்பது அல்ல. நியமனக் கடிதத்தில் பதவியின் பெயர், சம்பளம், நிரந்தரமாகும் நிபந்தனை ஆகிய மூன்றையும் வாசித்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டுக் கணக்குக்கு வெளியே உள்ள பயன்

நமது சம்பளத் துண்டில் எழுதப்படாத பயன் ஒன்றும் உண்டு. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்குத் தோட்ட நிர்வாகத்தைப் பொறுப்பாக்கியது. அதன்படி வந்தவை பெரும்பாலும் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதன் முழுப் பயனைப் பெறவில்லை. 1977க்குப் பிறகுதான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. கட்டடம் வந்தது, தளபாடம் வந்தது. ஆனால் வெளியிலிருந்து வந்த ஆசிரியர்களில் பலர் இடமாற்றம் பெற்றுப் போனார்கள். குளிரும் தூரமும் அவர்களுக்குப் பழக்கமில்லை. தோட்டத்திலேயே பிறந்த ஆசிரியருக்கு அந்தச் சிரமம் இல்லை. "காம்பரா", "பெரட்டு", "பீலி" என்று பிள்ளை பேசினால் அவருக்கு விளங்கும். காலையில் பிள்ளை ஏன் தூங்கி வழிகிறது என்பதும் தெரியும். ஒரு வீட்டின் முதலீடு அப்படியே நூறு வீட்டுக்குப் பயன் தருகிறது.

இப்போதே செய்ய வேண்டியவை

1. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலைப் பதிவு ஆகிய மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இன்றே திருத்த விண்ணப்பியுங்கள். இதற்கு மாதக்கணக்கில் செல்லும்.

2. வாக்காளர் இடாப்பில் குடும்பத்தின் பெயர் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வதிவிடத்தை நிரூபிக்க அது உதவும்.

3. நுவரெலியா மாவட்டம் பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வாய்ப்புக் குறைந்த 16 மாவட்டங்களில் ஒன்றாகக் கணிக்கப்படுகிறது. பல பாடநெறிகளில் இதனால் சலுகை உண்டு. பாடசாலை அதிபரிடம் விபரம் கேளுங்கள்.

4. கல்வியியற் கல்லூரிக்கான பாடநெறிகளும் தகைமைகளும் வர்த்தமானியில் வரும். ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அதை வாசிக்காமல் யார் பேச்சையும் நம்பிக் காசு கட்ட வேண்டாம்.

வீட்டுப் பயிற்சி

அ. உங்கள் பிள்ளை இன்று வேலைக்குப் போனால், செலவு போக வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு வரும்?

ஆ. உயர்தரத்துக்கு மாதம் எவ்வளவு தேவை? சீட்டுப் பணமா, மாட்டுப் பாலா, கொந்தரப்புக் காசா, எதிலிருந்து எடுக்கலாம்?

இ. போட்டது எத்தனை மாதத்தில் திரும்பும்?

இந்தக் கணக்கைத் தாயும் தகப்பனும் மட்டும் போட வேண்டாம். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, பென்சிலை அதன் கையில் கொடுங்கள். தனக்காக வீடு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்று தானே எழுதிப் பார்த்த பிள்ளைக்குப் "படி, படி" என்று நாம் தினமும் சொல்ல வேண்டியிராது.