வீடியோ ஓட்டினால் போதுமா?

நம்பிக்கை: ஸ்மார்ட் போர்டில் வீடியோ ஓட்டிவிட்டால் அது கலப்புக் கற்றல், அதாவது இணையப் பாடமும் நேரடி வகுப்பும் கலந்த முறை.

உண்மை: அது வகுப்பில் படம் காட்டுவது, அவ்வளவுதான். எது வீட்டுக்கு, எது வகுப்புக்கு என்று வேலையைப் பிரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள் 2007-ல் தங்கள் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். முதலில் அது வகுப்புக்கு வர முடியாத மாணவர்களுக்காக. பிறகு எல்லோருமே விளக்கத்தை வீட்டில் பார்த்துவிட்டு, கணக்கை வகுப்பில் போடும்படி மாற்றினார்கள். மாணவன் திணறுகிற நேரத்தில்தான் ஆசிரியர் பக்கத்தில் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

உதாரணமாக, 36 கிராம் நீரில் எத்தனை மோல்? வீடியோ பார்க்கும்போது புரிந்த மாதிரிதான் இருக்கும். நோட்டை எடுத்தால் 36-ஐ நீரின் மோலார் நிறையான 18-ஆல் வகுக்காமல் பெருக்கி வைத்திருப்பான். எந்த வரியில் சறுக்கினான், ஏன் சறுக்கினான் என்பது பக்கத்தில் நிற்பவருக்கு உடனே பிடிபடும்.

நம்பிக்கை: கலப்புக் கற்றலில் மதிப்பெண் கூடும் என்று ஆய்வே சொல்லிவிட்டது.

உண்மை: பாதிதான் சொன்னது. அமெரிக்கக் கல்வித் துறை 2010-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், நேரடி வகுப்பு மட்டும் படித்தவர்களைவிடக் கலந்து படித்தவர்கள் சற்று முன்னே நின்றது உண்மை. ஆனால் அவர்களுக்குப் பல இடங்களில் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன, பெருமையை இணையத்துக்கே கொடுத்துவிடாதீர்கள் என்று அதே அறிக்கை எச்சரித்தது. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளும் அதில் குறைவு. செயலி விற்க வருபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

நம்பிக்கை: எந்த முறை நல்லது என்று பிள்ளைகளையே கேட்டால் தெரிந்துவிடும்.

உண்மை: 2019-ல் வெளிவந்த ஹார்வர்டு இயற்பியல் வகுப்பு ஆய்வில், தாங்களே முட்டி மோதிக் கணக்குப் போட்டவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள். ஆனால் விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள்.

நம்பிக்கை: பாடநூலிலேயே கியூஆர் கோடு இருக்கிறது, வீடியோ பாடம் எல்லோருக்கும் எட்டிவிடும்.

உண்மை: தமிழ்நாட்டில் 2018-ல் வந்த புதிய பாடநூல்களிலேயே அது உண்டு. ஆனால் வீட்டிலுள்ள ஒரே போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறதே? ராத்திரி அவர் திரும்பும்போது டேட்டா மிச்சமிருக்க வேண்டும், பிள்ளை விழித்திருக்க வேண்டும். வீடியோவை வீட்டுப்பாடமாகத் தரும் பள்ளி, மாலையில் கணினி அறையை ஒரு மணி நேரம் திறந்து வைக்கட்டும்.