பன்னிரண்டாம் பயணி

சிங்கப்பூரின் வடகிழக்கே உள்ள புலாவ் உபின் தீவுக்குச் செல்லும் படகுகளுக்குக் கால அட்டவணை கிடையாது. சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பயணிகள் சேர்ந்த பின்னரே படகு புறப்படும். கடலைக் கடக்க ஏறத்தாழ 10 நிமிடம்தான். காத்திருக்கும் நேரமோ அதைவிட நீளலாம். காத்திருக்க இயலாதவர், 12 பேருக்கான கட்டணத்தையும் தாமே செலுத்திப் பயணம் செய்யலாம்.

தீவில் வாழ்வோருக்கு இது பழகிப்போனது. அங்கே குழாய்நீர் வசதி இல்லை. கிணற்று நீரையே பயன்படுத்துகின்றனர். பல வீடுகளில் டீசல் மின்னாக்கி ஓடினால்தான் விளக்கு எரியும். அதனால், நீரையும் மின்சாரத்தையும் அளந்தே செலவிடுவர். மருத்துவரைப் பார்க்கவும் படகேறித்தான் ஆகவேண்டும்.

கருங்கல் குவாரிகள் இயங்கிய காலத்தில் அத்தீவில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர். குவாரித் தொழில் நலிந்ததும் மக்கள் வேலை தேடி வெளியேறினர். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைய, 1985இல் பின் கியாங் பள்ளியும் மூடப்பட்டது. இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள்.

படகுத்துறையில் 11 பேர் கூடிவிட்டால், அனைவரின் கண்களும் வழியையே நோக்கும். பன்னிரண்டாமவர் வந்ததும் முகங்கள் மலரும். தீவில் வாழப் பொறுமை மட்டும் போதாது. உடன் வர மனிதர்களும் வேண்டும்.