சுருண்டு கிடக்கும் ஆற்றல்: காரின் ஸ்ட்ரட்டும் சுருள்வில்லும்

கரடுமுரடான சாலையில் மாட்டு வண்டியில் சென்றால் உடம்பெல்லாம் குலுங்குகிறது. அதே சாலையில் மோட்டார் காரில் சென்றால் அவ்வளவு குலுக்கல் இல்லை. காரணம் என்ன? கட்டை வண்டியில் அச்சும் வண்டியின் உடலும் நேராகப் பிணைக்கப்பட்டுள்ளன. சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறினால் வண்டியும் கூடவே ஏறித்தான் ஆக வேண்டும். காரிலோ, சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே விற்கள் இருக்கின்றன. சக்கரம் மட்டும் மேலே எழும்புகிறது. வில் சுருங்கி அந்த அசைவை வாங்கிக் கொள்கிறது. இந்த அமைப்பையே பட்டறைகளில் சஸ்பென்ஷன் என்கிறார்கள்.

இதைத் தக்க கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே கழற்றிப் பழுது பார்ப்பவர்கள் பலர் உண்டு. ஆனால் இந்த வேலையில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. நீங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் மீட்சியியல் இங்கே உயிர் காக்கும் அறிவாகிறது.

வில்லின் கணக்கு

வில்லை இழுத்தாலும் அமுக்கினாலும், ஏற்படும் நீள மாற்றம் விசைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். இவ்விதியை ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி 1678-இல் விளக்கி வெளியிட்டார். கார்களில் இவ்விதி பல உருவங்களில் பயன்படுகிறது. லாரிகளில் எஃகுப் பட்டைகளை அடுக்கிய பட்டை வில்லைக் காணலாம். அம்பாசிடர் காரின் முன்புறத்தில் முறுக்கப்படும் எஃகுத் தண்டே வில்லாக வேலை செய்தது. பெரும்பாலான சிறிய கார்களின் முன் சக்கரங்களுக்குச் சுருள்வில்தான் வைக்கப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு முன் சக்கரத்தின் வில் தாங்கும் நிறை 300 கிலோகிராம் என்றும், வில்லை 1 சென்டிமீட்டர் சுருக்க 200 நியூட்டன் விசை வேண்டும் என்றும் கொள்வோம். 300 கிலோகிராமின் எடை 2,940 நியூட்டன். ஆகவே கார் தரையில் நிற்கும்போது வில் 14.7 சென்டிமீட்டர் சுருங்கியிருக்கும்.

ஆட்டத்தை அடக்குவது எது?

வில் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. பள்ளத்தில் இறங்கிய கார் ஊஞ்சலைப் போல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். நமது எடுத்துக்காட்டில் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ முக்கால் விநாடி ஆகும். இந்த ஆட்டத்தில் சக்கரம் சாலையை அழுத்துவது ஒரு நேரம் கூடும், ஒரு நேரம் குறையும். அழுத்தம் குறையும் நேரத்தில் பிரேக் போட்டால் டயர் சரியாகப் பிடிக்காது.

எனவே வில்லுடன் ஷாக் அப்சார்பர் சேர்க்கப்படுகிறது. இது எண்ணெய் நிரப்பிய ஓர் உருளை. உள்ளே ஒரு பிஸ்டன் நகரும்; எண்ணெய் அதன் சிறு துளைகள் வழியே நெருக்கிப் பிடித்துச் செல்ல வேண்டும். அந்தத் தடையால் அலைவின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. ஆக, அதிர்வை வாங்குவது வில். ஆட்டத்தைத் தணிப்பது ஷாக் அப்சார்பர்.

இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்து, சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் ஆக்கினால் அதுவே ஸ்ட்ரட். இதை உருவாக்கியவர் எர்ல் மக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1950-இல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் இது இடம்பெற்றது. இந்தியாவில் 1983-இல் வெளிவந்த மாருதி 800 காரின் முன் சக்கரங்களுக்கும் இவ்வமைப்பே இருந்தது.

கழற்றும் முறை

முதலில், ஸ்ட்ரட் பழுதா என்று அறிய ஓர் எளிய சோதனை. காரின் ஒரு மூலையை நன்றாக அமுக்கி விடுங்கள். அது எழும்பி உடனே அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினாலோ, உருளையின் மேல் எண்ணெய் வழிந்திருந்தாலோ, தணிப்பான் தேய்ந்துவிட்டது எனலாம்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொண்டு, பிறகு ஜாக்கியால் தூக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டுகளை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் செல்லவே கூடாது.

சக்கரத்தைக் கழற்றியபின், ஸ்ட்ரட்டுடன் பிணைத்துள்ள பிரேக் ஹோஸை விடுவிக்க வேண்டும். கீழே ஸ்ட்ரட்டைச் சக்கரப் பகுதியுடன் இணைக்கும் போல்ட்டுகளையும், மேலே பானெட்டுக்குள் உடலுடன் இணைக்கும் சிறிய நட்டுகளையும் எடுத்தால் ஸ்ட்ரட் வெளியே வந்துவிடும். சக்கரப் பகுதி வெளிப்புறம் சாய்ந்து ஹோஸை இழுக்காதபடி ஒரு கம்பியால் கட்டி வைப்பது நல்லது.

நடுவில் உள்ள ஒரு நட்டு

ஸ்ட்ரட்டின் உச்சியில், நடுவே, ஒரு பெரிய நட்டு இருக்கும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஸ்ட்ரட் காரை விட்டு வெளியே வந்த பின்னும் அதன் வில் முழு நீளத்துக்கு விரிவதில்லை. அதை அமுக்கிப் பிடித்திருப்பது இந்த நட்டே.

நமது வில் இன்னும் 8 சென்டிமீட்டர் சுருங்கியிருப்பதாகக் கொள்வோம். அது தள்ளும் விசை 1,600 நியூட்டன். அதாவது சுமார் 163 கிலோகிராமின் எடை. அதில் தேங்கியுள்ள நிலையாற்றல், விசையில் பாதியைச் சுருக்கத்தால் பெருக்கினால் கிடைக்கும்: 800 × 0.08 = 64 ஜூல். இந்த ஆற்றல் முழுவதும் 1 கிலோகிராம் நிறையுள்ள மேல் தட்டுக்குக் கிடைத்தால், அது மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். வேலை செய்பவரின் முகம் அதற்கு நேர் எதிரே இருக்கக்கூடும்!

ஆகவே நட்டைத் தொடுமுன் வில்லமுக்கிக் கருவியைப் பொருத்த வேண்டும். இதில் கொக்கிகளுடன் கூடிய இரு திருகுத் தண்டுகள் உள்ளன. அவற்றை வில்லின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இப்பக்கம் சிறிது, அப்பக்கம் சிறிது என மாறி மாறித் திருக வேண்டும். ஒரே பக்கம் திருகினால் வில் வளைந்து கொக்கியிலிருந்து நழுவும். வில் தன் இருக்கையில் தளர்ந்து, கையால் அசைக்கும்படி ஆன பின்பே நடு நட்டைக் கழற்றலாம். இப்போது வில் 10 சென்டிமீட்டர் சுருங்கியிருந்தால் ஆற்றல் 100 ஜூல். சுருக்கம் கால் பங்கு கூடியதற்கு ஆற்றல் பாதிக்கு மேல் கூடிவிட்டது பாருங்கள். ஆற்றல் சுருக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே காரணம். எனவே தேய்ந்த கருவியும், கயிறு, கம்பி போன்ற மாற்று ஏற்பாடுகளும் இங்கே உதவா.

நட்டைத் திருகும்போது பிஸ்டன் தண்டும் சுற்றும். அதன் பளபளப்பான பகுதியைக் குறட்டால் பிடிக்கக் கூடாது. ஒரு சிறு கீறல்கூட எண்ணெய் சீலைக் கிழித்துவிடும்.

பழுது பார்த்தல்

தேய்ந்த தணிப்பானை மாற்றும்போது இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது முறை. இல்லையேல் இரு பக்கமும் வெவ்வேறாக ஆடும். வில்லில் விரிசல் இருந்தால் பற்றவைக்கக் கூடாது. வில்லெஃகு சூடாக்கி, குளிர்வித்து, பதப்படுத்தி உறுதி பெற்றது. பற்றவைக்கும் வெப்பம் அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். புது வில்லே வழி. மீண்டும் பூட்டும்போது வில்லின் முனை அதற்குரிய பள்ளத்தில் அமர்ந்திருக்க வேண்டும். நடு நட்டை முழுதும் இறுக்கிய பின்பே அமுக்கியை மெல்லத் தளர்த்த வேண்டும். இறுதியில் சக்கரங்களின் கோண அமைப்பைப் பட்டறையில் சரிபார்ப்பது அவசியம்.

மாணவர்கள் இவ்வேலையைத் தனியே செய்ய முற்படலாகாது. அனுபவம் மிக்க மெக்கானிக் செய்யும்போது, வில்லின் முனைக்கு நேராக நிற்காமல், பக்கத்தில் விலகி நின்று பார்க்கலாம்.

செய்து பாருங்கள்

ஒரு சிறு சுருள்வில்லில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுங்கள். அது அடங்கும் வரை எத்தனை அலைவுகள் என்று எண்ணுங்கள். பிறகு கல் மட்டும் வாளித் தண்ணீரில் மூழ்கியிருக்குமாறு வைத்து மீண்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை ஏன் குறைந்தது? தண்ணீருக்குப் பதில் எண்ணெய் இருந்தால் என்ன ஆகும்? விடை காரின் ஷாக் அப்சார்பருக்குள் இருக்கிறது.