துப்பாக்கி சுடும் விளையாட்டும் செவித்துணைக் கருவியும்

ஏதென்ஸ் நகரில் 2004ஆம் ஆண்டு நடைபெற்ற ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளிப் பதக்கம் வென்றார். பறக்கும் களிமண் தட்டைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு அதன்பின் நம் நாட்டில் பரவலாக அறியப்பட்டது. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் பங்கேற்றபோது, தமிழகத்திலும் இவ்விளையாட்டைப் பற்றிய பேச்சு கூடிற்று. டிராப், ஸ்கீட், 50 மீட்டர் ரைஃபிள் என வெளிக்களத்தில் சுடும் ஆர்வலர்களும், படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் இதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் நம்மிடையே உள்ளனர். இவர்களுள் செவித்திறன் குறைந்து மருத்துவமனைக்கு வருவோர் முதலில் கேட்பது, “எந்தக் கருவி நல்லது?” என்பதே.

அதற்கு விடை கூறுமுன் நாங்கள் ஒரு கேள்வி கேட்கிறோம்: துப்பாக்கி வெடிக்கும் கணத்தில் உங்கள் காதில் என்ன இருக்கும்? கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை முழுவதும் இந்தக் கேள்வியைச் சார்ந்தது. அதற்கான காரணத்தையும் தேர்வின் படிகளையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

வெடியோசை காதில் செய்வது என்ன?

நாம் இயல்பாக உரையாடும் ஓசை ஏறத்தாழ 60 டெசிபெல். 12 போர் ஷாட்கன் வெடிக்கும்போது, சுடுபவரின் காதருகே ஓசையின் உச்சம் 150 டெசிபெலைத் தாண்டுகிறது. சிறியதெனக் கருதப்படும் .22 ரைஃபிளின் ஓசையும் 140 டெசிபெலை ஒட்டியே அமைகிறது. உச்சம் 140 டெசிபெலைக் கடந்த திடீர் ஓசை ஒரே ஒருமுறை தாக்கினாலும் உட்செவிக்கு நிலையான தீங்கு நேரலாம்.

நாம் சுடும் வெடிகளை மட்டும் எண்ணினால் போதாது. டிராப் போட்டியில் ஒரு குழுவில் 6 பேர் சில அடி இடைவெளியில் வரிசையாக நிற்பர். ஒரு சுற்றில் ஒவ்வொருவருக்கும் 25 தட்டுகள். தகுதிச் சுற்றுகளில் ஒரு தட்டுக்கு இரண்டு முறை வரை சுடலாம். ஆகவே ஒரு சுற்று முடிவதற்குள் வரிசையில் நிற்பவரின் காதை 150 முதல் 300 வெடிகள் எட்டுகின்றன.

உட்செவியின் நத்தைச்சுருளில் ஏறத்தாழ 15,000 உணர்மயிர்ச் செல்கள் உள்ளன. ஓசை அதிர்வுகளை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவையே. அழிந்த செல் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. வெடியோசையால் முதலில் கெடுபவை 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்சுருதி ஓசைகளை உணரும் செல்கள். வலத்தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுபவருக்குப் பெரும்பாலும் இடக்காது அதிகம் பாதிக்கப்படுகிறது. குழல்முனையை நோக்கியிருப்பது இடக்காது. வலக்காதோ தலையின் மறைவில் இருக்கிறது.

பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் உரக்க ஒலிக்கின்றன. ஒரு மெய்யை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய குறிப்புகள் பெரிதும் உயர்சுருதியில் உள்ளன. அதனால்தான் இவர்கள், “சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை” என்கின்றனர். ‘பத்து’ என்பது ‘பட்டு’ என்று காதில் விழும். வீட்டார் கத்திப் பேசினால் உயிரொலி மட்டும் பெரிதாகும், மெய்யொலி தெளிவடையாது. கவனமின்மை என்று வீட்டார் வருந்துவதும், தம்மேல் எரிந்து விழுகிறார்கள் என்று நோயாளி ஒதுங்குவதும் இதனால் நேர்பவை.

செவித்துணைக் கருவி கவசமன்று

நாங்கள் மிக வலியுறுத்திக் கூறுவது இதுவே. “கருவி பெரிய ஓசையைத் தானாகவே குறைத்துவிடும் என்றார்களே?” என்று பலர் கேட்கின்றனர். ஓரளவு உண்மைதான். எனினும் கருவி கட்டுப்படுத்துவது தான் பெருக்கித் தரும் ஓசையை மட்டுமே. வெடியோசை கருவியின் வழியாக மட்டும் வருவதில்லை. அதைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக நேரே செவிப்பறையை அடைகிறது. உயர்சுருதி இழப்பு உள்ளவர்க்குக் காது அடைத்தாற்போல் தோன்றாதிருக்கத் துளையுள்ள மென்முனையைப் பொருத்துவது வழக்கம். அதன் வழியே வெடியோசை ஏறக்குறைய முழு வலிமையுடன் நுழைந்துவிடும். கருவியை அணைத்துவிட்டாலும் நிலை மாறாது. காதை நன்கு அடைக்கும் வார்ப்பு முனையும் ஓசைக் காப்புக்கென்று சோதித்துத் தரமிடப்பட்டதன்று.

“கெட்ட காதுதானே, இனி என்ன கெடப்போகிறது?” என்பது மற்றொரு தவறான எண்ணம். செவித்துணைக் கருவி புதிய செவியைத் தருவதில்லை. எஞ்சியுள்ள செல்களைக்கொண்டே வேலை செய்கிறது. அவையும் அழிந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் ஓசையைப் பெருக்குமேயன்றிச் சொல்லைத் தெளிவாக்க இயலாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. காது மந்தமானவர் கவசத்தை அணிந்தால் சுடுதளப் பொறுப்பாளரின் குரல் கேட்பதில்லை. “சுடாதீர்கள்” என்ற ஆணை கேளாமற்போவது உயிர் தொடர்பானது. எனவே கேட்பதற்காகக் கவசத்தைச் சற்று விலக்கி வைக்கிறார். அவ்வேளையில் அடுத்தவர் துப்பாக்கி வெடிக்கிறது. கேட்பதும் காப்பதும் ஒன்றையொன்று கெடுக்காதவாறு ஏற்பாடு செய்வதே நமது நோக்கம்.

தேர்வுக்கு முன் பரிசோதனை

கேட்டல் பரிசோதனைக்கு வருமுன் குறைந்தது 14 மணி நேரம் வெடியோசையும் பேரோசையும் படாமல் இருத்தல் வேண்டும். இரண்டு நாள் இடைவெளி இருப்பின் இன்னும் நன்று. சுட்டு வந்த அன்றே சோதித்தால், தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகும். அதைக்கொண்டு கருவியை அமைத்தால் ஓசை தேவைக்கு மேல் பெருகும்.

இரு காதுகளுக்குமிடையே வேறுபாடு மிகுதியாக இருப்பின், “துப்பாக்கியால்தான்” என்று தாமே முடிவு கட்டிவிடக் கூடாது. கேள்விநரம்பில் கட்டி போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்ய ஸ்கேன் தேவைப்படலாம். கடையில் நேரே கருவி வாங்குவோர் தவறவிடும் படி இது.

கருவியில் பார்க்க வேண்டியவை

முதலில், வீட்டு வாழ்வுக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுங்கள். மாதத்தில் சில மணி நேரமே சுடுதளத்தில் கழிகிறது. மற்ற நேரமெல்லாம் குடும்பத்தோடுதான். இரு காதிலும் இழப்பு இருந்தால் இரு கருவிகள் அணிவதே பொதுவாக நல்லது. ஓசை வரும் திசையை அறிய இரு காதுகளும் தேவை.

அடுத்தது வடிவம். காதின் பின்புறம் அமரும் கருவியைத் துளிர்ப்பு மாற்றவும் பழுது பார்க்கவும் எளிது. பெரிய இழப்புக்கும் போதிய வலிமை உண்டு. ஆனால் காதுமூடிக் கவசத்தின் விளிம்பு அதன்மேல் அழுந்தலாம். கருவி ‘கீச்’சென்று கூவலாம். செவித்துளைக்குள் அமரும் சிறு கருவி கவசத்துக்கு இடையூறு செய்யாது. காற்றிரைச்சலும் அதில் குறைவு. ஆயினும் அது இருக்கும்போது நுரைச் செருகியை உள்ளே வைக்க இயலாது என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, ஒலிவாங்கியின் திசை. பெரும்பாலான கருவிகள் இரைச்சலில் எதிரே நிற்பவர் குரலைத் தேர்ந்து கேட்கச் செய்கின்றன. உணவகத்தில் இது வரம். சுடுதளத்திலோ ஆணை பெரும்பாலும் பின்னாலிருந்து வரும். ஆகவே எல்லாத் திசையும் கேட்கும்படி, காற்றிரைச்சல் தணிப்புடன், பெருக்கம் குறைத்த தனி அமைப்பு ஒன்றைச் சேர்த்துத் தருமாறு கேட்பியல் வல்லுநரிடம் கூறுங்கள்.

நான்காவது, வியர்வையும் தூசியும். நம் ஊர் வெயிலில் திறந்தவெளியில் நிற்பவர், ஐபி68 போன்ற நீர்–தூசிக் காப்புத் தரக்குறியீடு உள்ள கருவியைத் தேர்தல் நலம். இரவில் ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வையுங்கள்.

இறுதியாக, செவித்துளைக்குள் மெல்லிய குழாய் வைத்து, கருவி தரும் ஓசையை அளந்து சரிசெய்யும் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள். விலையைக் காட்டிலும் இந்த அளவீடே பயனை முடிவு செய்கிறது.

சுடுதளத்தில் அணிய வேண்டியது

குறைந்த, நடுத்தர இழப்பு உள்ளவர்க்கு நாங்கள் பெரும்பாலும் கூறும் வழி எளியது. கருவியைக் கழற்றி, உலர்ந்த உறையில் வைத்துவிட்டு, மின்னணுக் காதுமூடியை அணியுங்கள். அது வெளியிலுள்ள பேச்சை ஒலிவாங்கி வழியே பெருக்கித் தரும். வெடி எழும்போது அந்தப் பெருக்கத்தை நொடிப்பொழுதில் அடக்கிவிடும். மூடியின் தடிப்பு வெடியோசையைத் தடுக்கும். ஷாட்கன் சுடுவோர் அதன் அடியில் நுரைச் செருகியும் வைத்து, மூடியின் ஒலியளவைக் கூட்டிக்கொள்ளலாம். இவ்விரட்டைக் காப்பே வெளிக்களத் துப்பாக்கிக்கு மிகப் பாதுகாப்பானது. ஆனால் உறையில் அச்சிட்ட எண்களைக் கூட்டிப் பார்க்க வேண்டாம். 25உம் 30உம் சேர்ந்து 55 ஆவதில்லை. இரண்டில் பெரியதன்மேல் ஏறத்தாழ 5 டெசிபெல்தான் கூடும்.

நுரைச் செருகியை விரலால் மெல்லிய திரியாக உருட்டி, மற்றக் கையால் காதை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, அது விரியும்வரை பிடித்திருங்கள். பாதி நுழைந்த செருகி பாதிக் காப்பும் தராது. கண்ணாடியின் தடித்த காம்பு காதுமூடியின் விளிம்பில் இடைவெளி உண்டாக்கும். மெல்லிய காம்புள்ள கண்ணாடியே ஏற்றது.

கடும் இழப்பு உள்ளவர், கருவியின்றி ஆணையைக் கேட்க இயலாவிடில், குழிவு ஆழமான காதுமூடியின் உள்ளே கருவியை அணியலாம். அப்போது மூடி பெருக்கிய ஓசையைக் கருவி மேலும் பெருக்கும் என்பதால், மேற்சொன்ன தனி அமைப்பு இன்றியமையாதது. மூடியையும் கருவியையும் ஒன்றாகக் கொண்டுவந்து, எங்கள் முன்னிலையில் அணிந்து சரிபார்த்துச் செல்லுங்கள். அவ்வாறும் குரல் கேளாவிடில், கையசைவு அல்லது தோளைத் தொடுதலை ஆணைக் குறிப்பாக வைத்துக்கொள்ளுமாறு பொறுப்பாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. போட்டியில் கலந்துகொள்வோர், செய்தி பெறும் வசதியுள்ள கருவிகளுக்குக் கட்டுப்பாடு உண்டா என்று நடுவர்களைக் கேட்டறிந்து, மருத்துவச் சான்றும் வைத்திருத்தல் நன்று.

யாராயினும், சுடும் வரிசையை நெருங்குமுன் கவசத்தை அணிந்து, கடைசி வெடி முடிந்து விலகி வந்தபின்னரே கழற்ற வேண்டும். வேடிக்கை பார்க்க உடன் வரும் பிள்ளைகளுக்கும் இதே விதி.

குடும்பத்தார் கவனத்திற்கு

சுட்டு வந்தபின் காதில் இரைச்சல் நிற்காமலிருந்தாலோ, காது அடைத்தாற்போல் இருந்தாலோ, திடீரெனக் கேளாமற்போனாலோ, “தூங்கி எழுந்தால் சரியாகும்” என்று விட்டுவிடாதீர்கள். அன்றோ மறுநாளோ அழைத்து வாருங்கள். திடீர்க் கேளாமைக்கு ஸ்டீராய்டு மருத்துவம் எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நன்மைக்கு இடமுண்டு.

புதிய கருவிக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். அந்நாட்களில் அடுத்த அறையிலிருந்து அழைக்காமல், முகம் பார்த்து, நிறுத்திப் பேசுங்கள். கத்த வேண்டியதில்லை.

செவி குறைந்துவிட்டது என்பதற்காக விரும்பிய விளையாட்டைக் கைவிடுமாறு நாங்கள் கூறுவதில்லை. செவித்துணைக் கருவி பேச்சைக் கேட்பதற்கு. காதுமூடி வெடியைத் தடுப்பதற்கு. இவ்விரண்டையும் ஒரே நாளில், ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தேர்ந்தெடுங்கள். அடுத்த முறை செவிப் பிரிவுக்கு வரும்போது உங்கள் காதுமூடி, நுரைச் செருகி, சுடும்போது அணியும் கண்ணாடி மூன்றையும் பையில் எடுத்து வாருங்கள். துப்பாக்கியை மட்டும் வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வாருங்கள்.