பச்சை வாந்தியும் ஒரு எக்ஸ்ரே பாடமும்



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மருத்துவக் கட்டுரை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் என் அக்கா குழந்தை. போன வருஷம், பிறந்த நான்காம் நாள் பச்சையாக வாந்தி எடுத்தது. "குழந்தைன்னா கக்கத்தான் செய்யும்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான், எனக்கும் தெரியவில்லை. அரை நாள் வீணானது. பிறகுதான் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு ஓடினோம்.

அங்கே எக்ஸ்ரே அறையில் இருந்த அண்ணன் சொல்லித்தந்ததும், பின்னால் நூலகத்தில் படித்ததும்தான் இந்தப் பாடம். அவரும் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர்.

குடலும் ஒரு பைப் லைன்தான். சாதாரண எக்ஸ்ரேயில் அதன் உள்ளே இருக்கும் காற்று மட்டும் கறுப்பாகத் தெரியும். வயிற்றில் இரண்டே இரண்டு காற்றுக் குமிழி, அதற்குக் கீழே காற்றே இல்லை என்றால், முன்சிறுகுடல் முழுதாக அடைத்திருக்கிறது என்று பொருள். மற்ற அடைப்புகளுக்குக் கான்ட்ராஸ்ட் மருந்து தேவைப்படும். பேரியத்தின் அணு எண் 56, அயோடினுக்கு 53. கனமான தனிமங்கள் எக்ஸ்ரே கதிரை அதிகம் உறிஞ்சுவதால், மருந்து போகும் பாதை படத்தில் வெள்ளையாகத் தெரியும்.

மூக்குக் குழாய் வழியாக மருந்து விட்டால் குடல் முறுக்கு தெரியும். பாதை திருகாணி மாதிரி சுற்றியிருக்கும். ஆசனவாய் வழியாக விட்டால் பெருங்குடல் தெரியும். கீழ்ப்பகுதி குறுகி, மேலே வீங்கியிருந்தால் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயாக இருக்கலாம். சதைத் துணுக்கைச் சோதித்து உறுதி செய்வார்கள். குடலில் ஓட்டை என்ற சந்தேகம் இருந்தால் பேரியம் கூடாது. நீரில் கரையும் அயோடின் மருந்துதான்.

இந்த மருந்து சில சமயம் வைத்தியமும் செய்யும். முதல் மலம் பிசினாக இறுகி அடைத்த குழந்தைகளுக்குக் காஸ்ட்ரோகிராஃபின் எனிமா கொடுக்கும் முறையை 1969-ல் ஹெலன் நோப்ளெட் வெளியிட்டார். அது குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்கும். உடம்பில் நீர் குறையும் என்பதால் டிரிப் ஏற்றியபடிதான் கொடுப்பார்கள்.

எங்கள் குழந்தைக்குக் குடல் முறுக்கு. அன்று இரவே ஆபரேஷன். முறுக்கிய குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் அழுகிவிடுமாம். பிழைத்தது, இப்போது தத்தித் தத்தி நடக்கிறது.

நண்பர்களே, பச்சிளங்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தாலோ, வயிறு வீங்கினாலோ, பிறந்து 24 மணி நேரமாகியும் மலம் போகாவிட்டாலோ காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். சென்னை எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. படித்தவன் ஒருவன் வீட்டில் இருந்தால் இதையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.