காப்பி கெடுதலா? நேரம்தான் கெடுதல்

உத்திரமேரூர் பக்கம் ஏரிப்பாசன ஊர்களில் நடவு நாள் எப்படிப் போகும்னு நமக்குத் தெரியும். விடியக்காலையில் வெறும் வயிற்றில் ஒரு காப்பி. பத்து மணிக்குச் சோறு, கூடவே தூக்கில் மறுபடி காப்பி. அது வரலைன்னா மறுநாள் ஆள் வராது!

அந்தப் பத்து மணிக் காப்பியைப் பற்றித்தான் பேசணும்.

காரத்தன்மை கூடின மண்ணில் நாற்றங்கால் வெளுத்துப் போவதைப் பார்த்திருப்பீங்க. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. வேர் எடுக்க முடியாதபடி கட்டுண்டு கிடக்குது, அவ்வளவுதான். நம்ம குடலிலும் இதே மாதிரி ஒன்று நடக்குது. காப்பியிலும் டீயிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் கீரை, பயறு, கேழ்வரகில் உள்ள இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். உடம்பில் சேராமல் அது வெளியே போய்விடும்.

எவ்வளவு போகும்? 1983-ல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தாங்க. சாப்பாட்டோடு ஒரு கப் காப்பி குடித்தபோது இரும்பு சேர்வது 39 சதவீதம் குறைந்தது; டீக்கு 64 சதவீதம். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காப்பியால் குறையவே இல்லை. ஆனால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதும் அதே அளவு குறைந்தது.

தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவங்களுக்கு ரத்தசோகை. சேற்றில் குனிந்து நடும் அக்காமாருக்கு மூச்சு வாங்குவதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லீங்க. ரசாயனம் போடாமல் முருங்கைக்கீரை வளர்த்து, அதன் சத்தைக் காப்பியில் கரைத்து விடுவது என்ன கணக்கு?

காப்பியே வேண்டாம்னு சொல்லலை. அளவாகக் குடிப்பவர்களுக்குச் சர்க்கரை நோயும் கல்லீரல் நோயும் குறைவாக வருவதாகப் பல ஆய்வுகள் காட்டுது. ஆனால் டம்ளருக்கு ரெண்டு கரண்டி சீனி போட்டுக் குடிக்கிற நாம அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, டீ வேண்டாம் என்கிறது. மேலே சொன்ன சோதனையைப் பார்த்தால், பின்னால் ரெண்டு மணி நேரம் விடுவதே நல்லதுன்னு நான் சொல்வேன். காஃபீன் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் அந்த நிறுவனம் சொல்லுது. 150 மில்லி டிக்காஷன் காப்பியிலேயே 80 முதல் 120 வரை இருக்கும். அப்போ மூணு டம்ளர்தான் எல்லை. கர்ப்பிணிகள் இன்னும் குறைக்கணும். சாயங்காலம் குடித்ததில் பாதி, அஞ்சு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். படுத்தாலும் தூக்கம் வராது. அந்த நேரத்துக்குச் சுக்குமல்லிக் காப்பி போடுங்க, அதில் காஃபீன் கிடையாது.

எங்க கழனியில் போன சம்பா நடவில் தூக்கை ஒன்பது மணிக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டோம். பத்தரைக்குக் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரைப் பொரியலும், ஆளுக்கொரு நெல்லிக்காயும். நெல்லியின் புளிப்பு இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். முதல் நாள் முணுமுணுப்பு இருந்தது. மறுநாள் எல்லாரும் வந்துட்டாங்க.